மெஜாரிட்டி என்னும் புதுக் கடவுள்



கடவுள் பேரைச் சொல்லி வாயடைத்தது போதாதென்று, இப்போது மெஜாரிட்டி பேரைச் சொல்லி வாயடைக்கப் பார்க்கிறார்கள். முன்பு "ஆண்டவன் கட்டளை, கேள்வி கேட்காதே" என்றார்கள். இன்று "ஜனங்களின் தீர்ப்பு, கேள்வி கேட்காதே" என்கிறார்கள். பகுத்தறிவுக்கு இரண்டு இடத்திலும் வேலையில்லை. இதற்கு அமெரிக்காவில் கலிபோர்னியா ராஜ்யத்தில் ஒரே பாலார் கலியாண விஷயமாய் நடந்த கூத்தைவிட வேறு உதாரணம் வேண்டியதில்லை.

2008 மே மாதத்தில் அந்த ராஜ்யத்தின் உயர்ந்த கோர்ட்டு, ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் கலியாணம் செய்துகொள்வதைத் தடுக்கும் சட்டம் செல்லாது என்று தீர்ப்புச் சொல்லிற்று. ஜூன் முதல் நவம்பர் வரை சுமார் 18,000 ஜோடிகள் சட்டப்படி கலியாணம் செய்துகொண்டார்கள். பூமி பிளக்கவில்லை, அடுத்த வீட்டுக்காரன் தாலி அறுந்துபோகவில்லை. ஆனால் பாதிரிமாருக்கு வயிறு எரிந்தது. 8-வது பிரேரணை என்று ஒன்றைக் கிளப்பி, ஆணுக்கும் பெண்ணுக்கும் நடக்கும் கலியாணம் மட்டுமே செல்லும் என்று இங்கிலீஷில் 14 வார்த்தைகளை அரசியல் சட்டத்தில் நுழைக்க ஓட்டுக் கேட்டார்கள். நவம்பர் 4-ந் தேதி 70 லக்ஷம் பேர் சரி என்றார்கள். 64 லக்ஷம் பேர் கூடாது என்றார்கள். நூற்றுக்கு 52 பேர் சேர்ந்து, தங்களுக்குச் சல்லிக்காசு நஷ்டமில்லாத ஒரு விஷயத்தில் அயலான் வீட்டுக் கதவை வெளியிலிருந்து பூட்டிவிட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். அதே நாளில், அதே ஜனங்கள், முட்டையிடும் கோழிக்கு இறக்கை விரிக்கவும், சினைப் பன்றிக்குத் திரும்பிப் படுக்கவும் இடம் விடவேண்டும் என்ற 2-வது பிரேரணைக்கு நூற்றுக்கு 63 பேர் வீதம் ஓட்டுப் போட்டார்கள். கோழிக்கு இரங்கியதை நாம் குறை சொல்லவில்லை; நல்ல காரியமே. ஆனால் கூண்டிலுள்ள கோழியின் கஷ்டம் தெரிந்தவர்களுக்கு, தன்னுடன் வாழ்ந்த துணை ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது "நீ யார்?" என்று கேட்கப்படும் மனிதனின் கஷ்டம் ஏன் தெரியவில்லை? மதம் குறுக்கே நின்றது, வேறென்ன?

இந்தப் பிரேரணைக்கு முன்னின்று பாடுபட்ட கூட்டத்தாரில் மார்மன் சபையாரும் கத்தோலிக்க பிஷப்புகளும் முக்கியமானவர்கள். மார்மன்கள் யார்? 1838-ல் மிசௌரி ராஜ்யத்துக் கவர்னரே உத்தரவு போட்டு விரட்டியடித்த மைனாரிட்டி. அவர்களுடைய தலைவர் 1844-ல் இல்லினாய் ராஜ்யத்துச் சிறையில் கும்பலால் கொல்லப்பட்டார். மெஜாரிட்டியின் தடியடி பட்ட கூட்டமே, தன் கைக்குத் தடி கிடைத்ததும் வேறொரு சிறு கூட்டத்தின் முதுகைத் தேடிற்று என்றால், மதம் மனிதனுக்குக் கற்பிக்கும் பாடம் இவ்வளவுதானா என்று கேட்கிறோம்.

நிற்க, மெஜாரிட்டி சொல்வதே நியாயம் என்பவர்களுக்கு ஒரு கணக்கு வைக்கிறோம். இதே கலிபோர்னியாவில் இதே தடைக்கு 2000-ல் நூற்றுக்கு 61 பேர் ஓட்டுக் கொடுத்தார்கள். 2008-ல் அது 52 ஆயிற்று. 2024-ல் அந்த 14 வார்த்தைகளை எடுத்தெறிய நூற்றுக்கு 62 பேர் ஓட்டுக் கொடுத்தார்கள். அப்படியானால் 2000-ல் நியாயமாயிருந்தது 2024-ல் அநியாயமாய் மாறிற்றா? நியாயம் என்ன கட்சி மாறும் முனிசிபல் கவுன்சிலரா? மாறினது ஜனங்களின் அபிப்பிராயம். அபிப்பிராயம் மாறுகிறவரை காத்திருந்து கிழவர்களாய்ச் செத்தவர்களுக்கு யார் நஷ்டஈடு கொடுப்பார்கள்?

இன்னும் கேளுங்கள். 1964-ல் இதே ராஜ்யத்தில், வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் நிற பேதம் பார்க்கக்கூடாது என்ற சட்டத்தை ஒழிக்க நூற்றுக்கு 65 பேர் கை தூக்கினார்கள். அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு 1967-ல் அது செல்லாது என்றது. வெள்ளையரும் கறுப்பரும் மணந்துகொள்வதை 1958-ல் கேலப் கணக்கெடுப்பில் சரி என்றவர்கள் நூற்றுக்கு 4 பேர். கூடாது என்ற 94 பேர் பக்கம்தான் நியாயம் என்றால், 1967-ல் அந்தத் தடையைச் சுப்ரீம் கோர்ட்டு ஒழித்தது தப்பு என்று இன்று சொல்ல எவனுக்காவது துணிவுண்டா?

அப்படியானால் ஓட்டே வேண்டாமா என்று சில புத்திசாலிகள் கேட்பார்கள். வேண்டும். ரோடு எங்கே போடுவது, வரி எவ்வளவு, மந்திரி யார் என்பவை எல்லாருக்கும் பொதுவான காரியங்கள்; அதற்குத் தலையை எண்ணு. நான் எவருடன் குடும்பம் நடத்துவது என்பது என் காரியம். அதில் உன் தலைக்கு என்ன வேலை? 52 பேர் சேர்ந்து மீதி 48 பேரின் சோற்றில் கை வைத்தால் அது ஜனநாயகமா? எண்ணிக்கை உள்ளவன் அடிக்கும் கொள்ளை அல்லவா? தடை போடுகிறவன்தான் தடைக்குக் காரணம் சொல்லவேண்டும். இந்தத் தடைக்குக் காரணம் என்ன? இக்கலியாணத்தால் மற்றக் கலியாணங்களுக்கு என்ன கேடு என்று 2009-ல் ஜட்ஜ் கேட்டபோது, தடைக்காரர்களின் வக்கீல் தெரியாது என்றே பதில் சொன்னார். 70 லக்ஷம் ஓட்டு இருந்தது. ஒரு காரணம் இல்லை!

"ஐந்து ஜட்ஜுகள் பல கோடி ஜனங்களை மீறலாமா?" என்பது மற்றொரு கூச்சல். 2015-ல் சுப்ரீம் கோர்ட்டு ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நாடு முழுமைக்கும் இவ்வுரிமையைக் கொடுத்தது உண்மை. நாம் ஜட்ஜுக்கும் கற்பூரம் கொளுத்தவில்லை. இதே கோர்ட்டு 1986-ல் இவர்களைக் குற்றவாளிகளாக்கும் சட்டம் செல்லும் என்று சொல்லி, 2003-ல்தான் அதை மாற்றிக்கொண்டது. ஆகவே கையெழுத்துப் போட்டவன் யார் என்று பாராதீர்கள். சொன்ன காரணம் அறிவுக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். அன்றியும், இதே விஷயத்தில் 2015-ல் அயர்லாந்து ஜனங்கள் நூற்றுக்கு 62 பேர் ஓட்டுப் போட்டு உரிமை கொடுத்தார்கள். பாராட்டுகிறோம். ஆனால் பூட்டை எடுத்தவனுக்கு நன்றி சொல்லலாமே தவிர, பூட்டுப் போட அவனுக்கு உரிமை இருந்தது என்று ஒப்புக்கொள்ள முடியாது.

இது முடிந்துபோன கதையும் அல்ல. அமெரிக்காவில் பல ராஜ்யங்களில் பழைய தடைகள் நீக்கப்படாமல் சட்டப் புத்தகத்தில் தூங்குகின்றன. 2022-ல் செய்த மத்திய சட்டம், ஒரு ராஜ்யத்தில் நடந்த கலியாணத்தை மற்ற ராஜ்யம் ஒப்புக்கொள்ள வேண்டும் என்கிறதே தவிர, ஒவ்வொரு ராஜ்யமும் கலியாணம் செய்து கொடுக்கவேண்டும் என்று சொல்லவில்லை. 2015-ன் தீர்ப்பு போனால் தூங்குகிற பாம்பு எழுந்துவிடும்.

ஆகவே தோழர்களே, "ஊர் சொல்லுகிறது" என்று எவன் வந்தாலும், "ஊருக்கு இதில் என்ன நஷ்டம்?" என்று திருப்பிக் கேளுங்கள். பதில் இல்லையானால், ஊர் ஒரு கோடி பேராயிருந்தாலும் அது வெறும் கூட்டம்தான். இன்று மெஜாரிட்டியில் இருக்கிறோம் என்று கை தூக்குகிறவன், நாளை எந்தக் கணக்கில் தான் மைனாரிட்டி ஆவான் என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத் தூக்கட்டும்.