நடை மருந்து... துணை அனுபானம்!

காலையில் வாக்கிங் போகிறீர்களா? சபாஷ்! இன்னும் ஒரே ஒரு கேள்வி. யாருடன் போகிறீர்கள்?

பொதுவாக எந்த டாக்டரும் இதைக் கேட்பதில்லை. 'தினம் 40 நிமிஷம் நடங்க' என்பார். 'செருப்பு வேணாம், ஷூ போட்டுக்குங்க' என்பார். துணையைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. சித்த வைத்தியரிடம் சூரணம் வாங்கிப் பாருங்கள். 'தேன்ல குழைச்சு சாப்பிடுங்க', 'வெந்நீர்ல சாப்பிடுங்க' என்று அனுபானத்தையும் சேர்த்துச் சொல்லித்தான் பொட்டலத்தைக் கொடுப்பார். நடைக்கும் ஓர் அனுபானம் உண்டு, அது துணை என்பது என் கட்சி.

என் கதையையே சொல்கிறேனே. சர்க்கரை எட்டிப் பார்த்ததிலிருந்து நான்கு முறை நடக்க ஆரம்பித்து, நான்கு முறையும் நிறுத்தியவன் நான். ஒரு தடவை மழை, ஒரு தடவை மைத்துனர் வீட்டுக் கல்யாணம், மற்ற இரண்டுக்கும் காரணமே இல்லை! ஐந்தாவது தடவை மட்டும் இரண்டு வருஷம் நிலைத்தது. என் மன உறுதி என்று நினைத்துவிடாதீர்கள். எதிர்வீட்டு நண்பர் காலை ஐந்தரைக்கு வந்து கேட்டைத் தட்டுவார், அவ்வளவுதான். பிறகு அவர் மகன் வீட்டோடு போய்விட்டார். மறுநாளே என் நடையும் நின்றது. கால்கள் அதே கால்கள்தான். தெருவும் அதே தெருதான்!

சும்மா உட்கார்ந்திருந்த அந்த நாட்களில்தான் அமெரிக்காவில் உள்ள அப்பலாச்சியன் பாதையைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். நடக்காதவன் நடப்பவர்களைப் பற்றிப் படிப்பதில் ஒரு சுகம் இருக்கிறது, இல்லையா?

அது ஒரு மலைப் பாதை. தெற்கே ஜார்ஜியா மாநிலத்தின் ஸ்பிரிங்கர் மலையில் ஆரம்பித்து, வடக்கே மெய்ன் மாநிலத்தின் கட்டாடின் மலை உச்சியில் முடிகிறது. 14 மாநிலங்கள், ஏறக்குறைய 3,500 கிலோ மீட்டர். கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் போகும் தூரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. முழுக்க நடந்து முடிக்க ஐந்து முதல் ஏழு மாதங்கள் ஆகும். வருஷா வருஷம் ஆயிரக்கணக்கானவர்கள் மூட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். நாலில் ஒருவர்தான் கடைசி வரை போய்ச் சேருகிறார்.

அவர்களுடைய ஒரு நாள் எப்படி இருக்கும் தெரியுமா? விடிந்ததும் எழுந்திருக்க வேண்டும். ஓடையில் தண்ணீர் பிடித்து வடிகட்ட வேண்டும். கையடக்க ஸ்டவ்வில் ஓட்ஸ் கஞ்சி. பிறகு நடை, நடை, நடைதான். மரங்களில் 2 அங்குல அகலம், 6 அங்குல உயரத்தில் வெள்ளை பெயின்ட் அடித்திருக்கும். அந்தக் கோடு எங்கே கூப்பிடுகிறதோ அங்கே போக வேண்டியதுதான். ஆரம்பத்தில் நாளைக்குப் பத்துப் பதினைந்து கிலோ மீட்டர், கால் பழகியதும் இருபத்தைந்து, முப்பது. சாயங்காலம் ஒரு மரக் கொட்டகை வரும். மூன்று பக்கம் சுவர், முன்பக்கம் திறப்பு, பலகைத் தரை. வழி நெடுக இப்படி 250க்கும் மேல். நூடுல்ஸ் கிண்டிச் சாப்பிட்டுவிட்டு, மீதி உணவைக் கரடி எடுக்காதபடி உயரக் கட்டித் தொங்கவிட வேண்டும். இரவு 9 மணிக்கு 'நடையாளர் நள்ளிரவு' என்று பெயர். அதற்கு மேல் பேசினால் பக்கத்தில் படுத்திருப்பவர் முறைப்பார்!

பசியோ பசி. நாளொன்றுக்கு 4,000 கலோரிக்கு மேல் செலவாகும்போது பசிக்காதா? பென்சில்வேனியாவில் பாதி வழியை ஒட்டி ஒரு கடை இருக்கிறது. அங்கே அரை காலன் ஐஸ்கிரீமை ஒரே மூச்சில் தின்று காட்டுவது ஒரு சம்பிரதாயம். அரை காலன் என்றால் ஏறக்குறைய இரண்டு லிட்டர். (சர்க்கரை உள்ளவர்கள் இந்த வரியைப் படித்ததும் மறந்துவிடவும்!)

என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது ஐஸ்கிரீம் அல்ல, அங்கே நடப்பவர்களின் பழக்க வழக்கங்கள்தான்.

முதலாவது, பெயர். பாதையில் யாரும் சொந்தப் பெயரைச் சொல்வது அபூர்வம். கூட நடப்பவர்கள் ஏதாவது ஒரு செல்லப் பெயர் வைத்துவிடுவார்கள். 1990ல் பில் இர்வின் என்ற கண் பார்வை இல்லாதவர், ஓரியன்ட் என்ற வழிகாட்டி நாயுடன் இந்தப் பாதை முழுவதையும் முடித்தார். எட்டு மாதம், ஆயிரக்கணக்கான முறை விழுந்து எழுந்த பயணம். அந்த ஜோடிக்குப் பாதை கொடுத்த பெயர் 'ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்'! பெயர் மாறியதும் கூடவே உத்தியோகம், சம்பளம், சொந்த வீடா வாடகை வீடா என்கிற விசாரணையும் போய்விடுகிறது. நம் வாக்கிங் கூட்டத்தில் முதல் சுற்று முடிவதற்குள் 'பையன் என்ன பேக்கேஜ்ல இருக்கான்?' வந்துவிடுகிறதே, யோசித்துப் பாருங்கள்.

இரண்டாவது, வேகம். அங்கே எல்லோரும் சொல்லும் ஒரு வாசகத்தின் சாரம் இதுதான்: உன் நடையை நீ நட. வேகமாக நடப்பவர் நாலு மணிக்குக் கொட்டகைக்கு வருவார். மெதுவாக நடப்பவர் ஏழு மணிக்கு வருவார். முன்னால் வந்தவர் நகர்ந்து படுத்து இடம் கொடுப்பார். பகலில் தனி, பொழுது சாய்ந்தால் கூட்டம். இதில் பெரிய ஆரோக்கிய ரகசியம் இருக்கிறது. அடுத்தவர் வேகத்துக்கு ஈடு கொடுக்கப் போய் முழங்காலைக் கெடுத்துக்கொண்டு பாதியில் வீடு திரும்புகிறவர்கள் அங்கே உண்டு. குதிகாலில் லேசாகச் சூடு தெரிந்ததுமே நின்று, ஷூவைக் கழற்றி, பிளாஸ்திரி ஒட்டினால் கொப்புளம் வராது. 'எல்லாரும் போறாங்களே, நான் மட்டும் எப்படி நிக்கறது?' என்று வெட்கப்பட்டவர் மறுநாள் நொண்டுவார். சர்க்கரை உள்ளவர்கள் இதைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டுக்கொள்ளலாம். உங்களுக்குக் கால் மரத்திருந்தால் சூடுகூடத் தெரியாது. தினமும் பாதத்தைப் பார்த்தே ஆக வேண்டும்.

மூன்றாவது, ஒருவரையொருவர் கவனிப்பது. வடகிழக்கு மாநிலங்களில் ஒரு வகை உண்ணி கடித்து லைம் என்ற நோய் வரும். அதனால் தினமும் உடம்பைச் சோதிக்க வேண்டும். பிடரியையும் முதுகையும் நாமே எப்படிப் பார்ப்பது? இன்னொருவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். கொட்டகைகளில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருப்பார்கள். வந்தவர்கள் பெயர், தேதி எழுதி, 'மேலே ஓடை வற்றிவிட்டது, தண்ணீர் நிரப்பிக்கொண்டு போங்கள்' என்று பின்னால் வருபவருக்கும் ஒரு வரி எழுதுவார்கள். யாராவது காணாமல் போனால் தேடுகிறவர்களுக்கும் அந்த நோட்டு உதவும். வழியிலுள்ள விடுதிகளில் ஒரு பெட்டி இருக்கும். தனக்கு வேண்டாததை அதில் போடலாம், வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். கணக்கு வழக்குக் கிடையாது.

எல்லாம் தேன் என்று சொல்ல மாட்டேன். பத்துப் பேர் நெருக்கிப் படுக்கும் இடத்தில் நோரோ வைரஸ் புகுந்தால் வாந்தியும் பேதியும் கொட்டகை முழுக்கப் பரவும். பரவியும் இருக்கிறது. ஆல்கஹால் கலந்த கைத்துடைப்புத் திரவத்துக்கு அந்தக் கிருமி அவ்வளவாக மசியாது. சோப்பும் தண்ணீரும் வேண்டும். நீர்நிலையை விட்டுத் தள்ளிப்போய்க் கை கழுவுகிறவர்தான் அங்கே நல்ல நண்பர். தோளில் கை போடுவதெல்லாம் அப்புறம்!

இங்கே விஷயம் தெரிந்தவர்கள் ஒரு கேள்வி கேட்பீர்கள். 'அந்தப் பாதையில் பேர் வாங்கினவங்க எல்லாம் தனியாத்தானே நடந்தாங்க?'

நியாயமான கேள்வி. 1948ல் முதன்முதலாக ஒரே மூச்சில் முழுப் பாதையையும் நடந்ததாகப் பெயர் பெற்றவர் ஏர்ல் ஷாஃபர். இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பியவர். சேர்ந்து நடப்போம் என்று பேசி வைத்திருந்த பால்ய நண்பர் ஐவோ ஜிமா போரில் இறந்துவிட்டார். மனசுக்குள் இருந்த போரைத் தீர்க்கத் தனியாகவே நடந்தார். 1955ல் நடந்தவர் எம்மா கேட்வுட். 67 வயது, 11 பிள்ளைகள் பெற்ற தாய், அடித்து உதைத்த கணவரிடமிருந்து விடுபட்டவர். பிள்ளைகளிடம் 'கொஞ்சம் நடந்துட்டு வரேன்' என்கிற மாதிரி சொல்லிவிட்டு, கான்வாஸ் ஷூவும் தானே தைத்த துணிப் பையுமாகப் போனார். முதல் வருஷம் முயன்றபோது வழி தவறி, மூக்குக் கண்ணாடி உடைந்து, வனக் காவலர்கள் கண்டுபிடித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மறு வருஷம் முடித்தே காட்டினார்.

இவர்கள் கூட்டத்தோடு போகவில்லை என்பது உண்மை. ஆனால், தனியாகப் போனார்கள் என்று மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கேட்வுட் பாட்டி எத்தனையோ இரவுகள் முன்பின் தெரியாதவர்கள் வீட்டில் படுத்து எழுந்தார். கதவைச் சாத்தினவர்களும் இருந்தார்கள், சோறு போட்டவர்களும் இருந்தார்கள். அந்த வெள்ளைக் கோடுகளை யார் அடித்தது? பெரும்பாலும் சம்பளம் வாங்காத தொண்டர்கள். இன்றும் விழுந்த மரத்தை அறுப்பது, புதரை வெட்டுவது எல்லாம் பெரும்பாலும் அவர்கள்தான். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் தென்பகுதியில் ஏராளமான மரங்களைச் சாய்த்து, நூற்றுக்கணக்கான மைல் பாதையை மூட வைத்தபோதும் ரம்பத்தோடு போய் நின்றவர்களில் அவர்கள் இருந்தார்கள்.

அட, அந்தப் பாதை பிறந்ததே ஒரு துக்கத்தின் நடுவில்தான். 1921ல் இந்த யோசனையை எழுதியவர் பென்டன் மெக்கே. அதே ஆண்டில்தான் அவர் தன் மனைவியை இழந்திருந்தார். ஆலைகளிலும் நகரங்களிலும் களைத்துப் போனவர்கள் மலைக்காற்றில் உடம்பும் மனசும் தேற வேண்டும், அங்கே கூட்டுறவாகத் தங்கும் முகாம்கள் வேண்டும் என்று எழுதினார். 1937ல் பாதை முழுதாக இணைந்தது. வெறும் நடைபாதையை அவர் கேட்கவில்லை பாருங்கள். மனிதர்கள் கூடும் இடத்தையும் சேர்த்துத்தான் கேட்டார்.

2023ல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த டாக்டர் விவேக் மூர்த்தி, தனிமையைப் பற்றி ஓர் எச்சரிக்கை அறிக்கை வெளியிட்டார். மனிதத் தொடர்பு அறுந்த வாழ்க்கை, தினம் 15 சிகரெட் வரை பிடிப்பதற்குச் சமமாக ஆயுளைக் குறைக்கலாம் என்றது அந்த அறிக்கை. சிகரெட்டைப் பிடுங்கிப் போட வீட்டில் நாலு பேர் இருப்பார்கள். தனிமை யார் கண்ணிலும் படாது.

பாதையை முடித்தவர்கள் கதையிலும் இதற்குச் சாட்சி இருக்கிறது. இரும்பு மாதிரி உடம்பு, மெலிந்த இடுப்பு, சாதித்த பெருமை... அத்தனையும் இருந்தும் வீடு திரும்பிய பலருக்குச் சில வாரங்கள் மனசு சோர்ந்து போகிறது. திடீரென்று உழைப்பு நின்றது ஒரு காரணம்தான். சாயங்காலம் இடம் ஒதுக்கி நகர்ந்து படுக்க ஆள் இல்லாமல் போனது இன்னொரு காரணம். எதிர்வீட்டுக் கேட் பூட்டியிருந்த அந்த முதல் காலை எனக்கு ஞாபகம் வந்தது.

'அதெல்லாம் சரி சார், ஆறு மாசம் லீவும் ஆயிரக்கணக்கான டாலரும் யார் தருவாங்க?' யாரும் தர மாட்டார்கள். வேண்டவும் வேண்டாம். பாதையை அங்கேயே விட்டுவிட்டு, பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். உங்களுக்கு என் சிபாரிசு நாலே நாலு:

ஒன்று, கூடும் இடமும் நேரமும் பொது, வேகம் அவரவருடையது. முன்னால் முடித்தவர் பெஞ்சில் காத்திருக்கட்டும்.

இரண்டு, 'நீங்க எத்தனை சுற்று? நான் எட்டு!' என்கிற கணக்கு வேண்டாம்.

மூன்று, முழங்கால் வலியோ, மூச்சு வாங்கலோ, நெஞ்சில் அழுத்தமோ, உடனே நின்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கூட வருபவர் சொன்னால் 'அதெல்லாம் ஒண்ணுமில்லே, நடங்க' என்று தள்ளாதீர்கள். டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

நான்கு, ஒருவர் இரண்டு நாள் வராவிட்டால் மூன்றாம் நாள் அவர் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்.

இதையெல்லாம் எழுதுகிற நான் என்ன செய்தேன் என்கிறீர்களா? என்னைத் தட்டி எழுப்ப யார் வருவார் என்று ஏழு மாதம் காத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. மூன்றாவது வீட்டில் ஒருவர், மனைவி போன பிறகு வாசலுக்கே வராதவர். ஒரு திங்கட்கிழமை ஐந்தரைக்கு அவர் வீட்டு கேட்டை நான் தட்டினேன். 'யாரு?' என்றார். சொன்னேன். 'இந்த நேரத்துல என்ன?' என்றார். 'செருப்பு வேணாம், ஷூ போட்டுக்கிட்டு வாங்க' என்றேன்.

பத்து நிமிஷம் ஆயிற்று. வந்தார்.