பெட்டி பழசு, பேரம் கிடையாது

பழைய ஹை-ஃபை ஸ்பீக்கர் வைத்திருப்பவரிடம் விலை பேசிப் பார்த்தவர்களுக்கு அந்த முகபாவம் தெரியும். மனையை விற்பார், காரை விற்பார், ஸ்பீக்கர் ஜோடியை மட்டும் விற்க மாட்டார். கூடத்தில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறதே என்று வீட்டார் முணுமுணுப்பார்கள். அது அவர் காதில் விழாது, பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் ‘பழசு மேல பைத்தியம்’. அதில் பாதி உண்மை உண்டு. மீதிப் பாதிக்கான காரணம், அந்தப் பெட்டிகளைச் செய்த விதத்திலும், பழுதானால் அவை பிழைத்துக்கொள்ளும் விதத்திலும் இருக்கிறது.

பிபிசியின் எல்எஸ்3/5ஏ ஸ்பீக்கர் நல்ல உதாரணம். வெளியிடங்களுக்குப் போய் ஒலிபரப்பும் வேன்களில் உட்கார்ந்து, ஒலி ஒழுங்காகப் பதிவாகிறதா என்று கவனிக்கும் பொறியாளர்களுக்காக, கிங்ஸ்வுட் வாரனில் இருந்த பிபிசி ஆராய்ச்சிப் பிரிவு 1970-களில் இதை உருவாக்கியது. வேனுக்குள் இடம் ஏது? அதனால் உயரம் ஓர் அடி, அகலம் ஏழரை அங்குலம், ஆழம் அதைவிடக் கொஞ்சம் குறைவு என்று முடித்துவிட்டார்கள். பலகை எவ்வளவு தடிமனோ அவ்வளவு நல்லது என்பது ஸ்பீக்கர் பெட்டி செய்பவர்களின் பொதுவான நம்பிக்கை. பிபிசி பொறியாளர்கள் அதற்கு நேர்மாறாகப் போனார்கள். மெல்லிய பிர்ச் பிளைவுட்டில் பெட்டி செய்து, உள்பக்கச் சுவர்களில் அதிர்வை உறிஞ்சும் பட்டைகளை ஒட்டினார்கள். பெட்டி அதிரத்தான் செய்யும். அந்த அதிர்வு மனிதக் காதுக்கு உறுத்தாத இடத்தில், சீக்கிரம் அடங்கிவிட வேண்டும் என்பதே அவர்களுடைய கணக்கு.

அந்தக் கணக்கு பலித்தது பேச்சுக் குரலில். செய்தி வாசிப்பவரின் குரல் அந்தச் சின்னப் பெட்டியில் வரும்போது, நெஞ்சிலிருந்து எழும் கனமும் உதட்டோர ‘ஸ’கரமும் அதனதன் அளவில் இருக்கும். மேடைக் கச்சேரிக் குரலும் அப்படியே. ஆனால் அடிவயிற்றில் இடிக்கும் பேஸ் இதில் கிடையாது. ஐந்து லிட்டர் கொள்ளளவுள்ள பெட்டியில் அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. சத்தத்தைக் கூட்டினால் திணறும். குத்துப்பாட்டுக்கு ஆகாது.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. பிபிசி இதைத் தானே செய்து விற்கவில்லை. ரோஜர்ஸ், ஸ்பெண்டார், சார்ட்வெல், ஹார்பெத் என்று பல நிறுவனங்களுக்கு உரிமம் கொடுத்தது. யார் செய்தாலும் ஒலி ஒரே மாதிரி இருக்க வேண்டும், அளவுகோலுக்குள் வராத ஜோடி வெளியே போகக்கூடாது என்பது நிபந்தனை. வடிவமைப்பு விவரங்களை ஹார்வுட், வாட்டன், மில்ஸ் ஆகிய மூவர் 1976-இல் ஆராய்ச்சி அறிக்கையாகவே எழுதி வைத்தார்கள். விலையைக் குறைக்க எதையாவது மட்டமாகப் போட வேண்டிய அவசியம் அங்கே இல்லை. அடுத்த வருடம் புது மாடல் விட வேண்டிய நெருக்கடியும் இல்லை. உள்ளே இருந்த இரண்டு ஸ்பீக்கர் யூனிட்களும் கெஃப் நிறுவனத் தயாரிப்பு. அவற்றை வடிவமைத்த மால்கம் ஜோன்ஸ் தொடங்கிய ஃபால்கன் நிறுவனம், அதே யூனிட்களை மறுபடியும் செய்து, பிபிசி உரிமத்தோடு அதே பெட்டியை இன்றும் விற்கிறது. வேனுக்காகப் பிறந்த பெட்டிக்கு ஹாங்காங்கிலும் ஜப்பானிலும் சேகரிப்பாளர் கூட்டம் இருப்பது, அதைச் செய்தவர்கள் கனவிலும் நினைத்திராத திருப்பம்.

இதே இங்கிலாந்தின் ஹண்டிங்டனில் ஒலிக்கருவி தயாரிப்பாளர் பீட்டர் வாக்கர் வேறு பாதையில் போனார். அவருடைய குவாட் இஎஸ்எல் ஸ்பீக்கர் 1957-இல் விற்பனைக்கு வந்தது. 1985 வரை தயாரிப்பில் இருந்தது. வழக்கமான ஸ்பீக்கரில் அசைந்து ஒலி எழுப்பும் கோன் அதில் இல்லை, காந்தமும் இல்லை. துளையிட்ட தகடுகளுக்கு நடுவே, பல ஆயிரம் வோல்ட் மின்னேற்றப்பட்ட மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்று இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். பாட்டின் மின்சாரம் தகடுகளுக்குப் போக, படலம் முன்னும் பின்னும் அசையும். கோனோடு ஒப்பிட்டால் அதற்கு எடை என்று சொல்லவே ஒன்றுமில்லை. தம்புராவின் நரம்பை மீட்டிவிடும் அந்தக் கணம்கூடத் தெளிவாகக் கேட்கும். பார்ப்பதற்கோ, குளிர்நாட்டு வீடுகளில் சுவரோரம் நிற்கும் ஹீட்டர் மாதிரிதான். நடுவில் ஒருவர் உட்கார்ந்தால் அவருக்குச் சொர்க்கம், பக்கத்தில் இருப்பவருக்குப் பாதிதான் கிடைக்கும். ஆம்பிளிஃபயரின் சக்தி அதிகமானால் உள்ளே தீப்பொறி பறந்து, தகடும் படலமும் சேர்ந்த பேனல் போய்விடும்.

இத்தனை குறை இருந்தும் ஏன் விடமாட்டேன் என்கிறார்கள்? பேனல் போனால் மறுபடி கட்டலாம். படலத்தைக் கிழித்தெடுத்து, புதிதாக இழுத்து ஒட்டி, மின்கடத்தும் பூச்சு பூசி, பழைய சட்டத்திலேயே பொருத்தித் தரும் கைவினைஞர்கள் இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் இருக்கிறார்கள். நாற்பது, ஐம்பது வருடப் பழைய பெட்டி திரும்பி வந்து இன்னும் இருபது வருடம் ஓடும்.

அமெரிக்காவில் வேறொரு வழியைக் காட்டியவர் எட்கர் வில்ச்சர். பேஸ் வேண்டுமானால் பீரோ அளவு பெட்டி வேண்டும் என்றிருந்த காலத்தில், 1954-இல், காற்றுப் புகாமல் அடைத்த சின்னப் பெட்டியோடு வந்தார். உள்ளே அடைபட்ட காற்றே கோனுக்கு ஸ்பிரிங் வேலை செய்யும். இந்த யோசனைக்கு அவர் வாங்கிய காப்புரிமையை வேறொரு நிறுவனம் எதிர்த்து வழக்காடியபோது, மேல்முறையீடு என்று இழுத்துக்கொண்டிராமல் விட்டுவிட்டார். உலகமே அந்த முறையைப் பயன்படுத்திக்கொண்டது. பின்னாளில் காதுகேட்கும் கருவிகளில் செய்த ஆராய்ச்சிக்கும் அவர் காப்புரிமை கோரவில்லை. அவருடைய அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனம் நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் ஒரு கேட்பு அறை நடத்தியது. அங்கே எதுவும் விற்க மாட்டார்கள். வண்டிக்குக் காத்திருப்பவர் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகலாம். ஸ்பீக்கருக்கு ஐந்து வருட உத்தரவாதம், பழுதானால் அனுப்பும் செலவும் நிறுவனத்துடையது. 1960-களின் நடுவில் அமெரிக்க ஸ்பீக்கர் சந்தையில் மூன்றில் ஒரு பங்குக்கு நெருக்கமாக அவர்களிடம் இருந்தது என்றால் ஆச்சரியம் இல்லை. அவர்களுடைய ஏஆர்-3 மாடல் ஒன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இனி, பழசின் பலவீனம். 1970-களில் பல நிறுவனங்கள் கோனின் விளிம்பைப் பிடித்திருக்கும் வளையத்தை ஃபோமில் செய்யத் தொடங்கின. இலகுவானது, நன்றாக அசையும். ஆனால் காற்றின் ஈரம் அந்த ஃபோமைச் சிதைத்துவிடும். பத்திருபது வருடத்தில் கதை முடிந்தது. சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் இன்னும் சீக்கிரம். முன்மூடியைக் கழற்றி விரலால் தொட்டால் பிசுபிசுப்பாக ஒட்டிக்கொண்டு, கறுப்புத் தூளாக உதிரும். ஜேபிஎல் எல்100-க்கு நேர்ந்தது இதில் வேடிக்கை. அதன் பேஸ் கோனின் விளிம்பு துணியால் ஆனது, தப்பித்துவிட்டது. அந்தக் காலத்தில் எல்லோரும் ஆசைப்பட்ட ஆரஞ்சு, நீல நிற முன்மூடிதான் ஃபோம் என்பதால் பொடியாகிப்போனது. அந்த முகத்தின் மோகம் தீராமல் 2018-இல் ஜேபிஎல் அதே தோற்றத்தில் புது எல்100-ஐக் கொண்டுவந்தது.

ஃபோம் வளையம் மாற்றுவது கைநுணுக்கம் கேட்கும் வேலை. பழைய ஃபோமையும் பசையையும் ஸ்பிரிட் தொட்டுப் பொறுமையாகச் சுரண்டி எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் காகிதக் கோன் கிழியும். நடுவிலுள்ள தூசி மூடியைக் கத்தியால் வட்டமாக அறுத்து எடுத்துவிட்டு, கோனை அசைக்கும் வாய்ஸ் காயிலுக்கும் காந்தத்துக்கும் நடுவே உள்ள நூலளவு இடைவெளியில் பழைய ஃபிலிம் துண்டுகளைச் சுற்றிலும் செருகுவார்கள். கோன் அசையாமல் மையத்தில் நிற்கும். பிறகுதான் புது வளையம், புதுப் பசை. காய்ந்ததும் ஃபிலிமை உருவிவிட்டு, கோனை இரண்டு கைவிரல்களாலும் மெல்ல அழுத்திக் காதை அருகில் வைத்துக் கேட்பார்கள். ‘சரக்’ என்றால் மறுபடி முதலிலிருந்து.

ஸ்பீக்கருக்குக் கோன் மாற்றித் தரும் கைகள் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. கேசட் காலத்தில் ஆம்பிளிஃபயரைத் தெருமுனைக் கடையில் ‘அசெம்பிள்’ செய்து, பெட்டியை ஆசாரியிடம் அடித்து வாங்கிய ஊர் இது. சென்னை ரிச்சி தெருவில் தேடினால் இன்றைக்கும் அந்த வேலை தெரிந்தவர் கிடைப்பார்.

இந்த இடத்தில் எதிர்த்தரப்பையும் கேட்க வேண்டும். பழைய ஸ்பீக்கர்தான் உசத்தி என்று உரிமையாளர் சத்தியம் செய்வதை அப்படியே நம்ப முடியாது. ஒலியியல் ஆய்வாளர்கள் ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் இருவரும் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே ஆட்களை ஸ்பீக்கரைப் பார்த்தபடியும், திரைக்குப் பின்னால் வைத்துப் பார்க்காமலும் கேட்க வைத்தார்கள். கண்ணுக்குத் தெரிந்தபோது மதிப்பெண் மாறியது, அனுபவசாலிகளும் தப்பவில்லை. அதனால் ‘அல்னிகோ காந்தம் இருந்தால்தான் ஒலியில் உயிர் இருக்கும்’ என்ற பேச்சையெல்லாம் கொஞ்சம் தள்ளி வைத்தே கேட்க வேண்டும். அல்னிகோவை நிறுவனங்கள் கைவிட்டதற்கு முக்கியக் காரணம், 1978-இல் ஜயர் நாட்டில் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) நடந்த சண்டையால் அதில் சேரும் கோபால்ட்டின் விலை எகிறியது. காதுக்கும் அதற்கும் அதிக சம்பந்தம் இல்லை. நல்ல வடிவமைப்புள்ள இன்றைய நடுத்தர விலை ஸ்பீக்கர், அளவீடுகளில் பல பழைய ராஜாக்களை மண்ணைக் கவ்வ வைக்கும்.

ஆனாலும் விற்க மறுப்பவர் முட்டாள் இல்லை. 1975-இல் வாங்கிய ஸ்பீக்கரின் பின்னால் இரண்டு முனைகள் இருக்கும். இன்று கடையில் வாங்கும் ஆம்பிளிஃபயரிலிருந்து இரண்டு ஒயரை இழுத்து மாட்டினால் பாடும். அனுமதி கேட்காது, அப்டேட் கேட்காது. இணையத்தோடு இணைந்து பாடும் ஸ்பீக்கர்களைச் செய்யும் சோனோஸ் நிறுவனம் 2020 ஜனவரியில் என்ன செய்தது? தன்னுடைய சில பழைய கருவிகளுக்கு அந்த ஆண்டு மே மாதத்தோடு மென்பொருள் அப்டேட் நின்றுவிடும் என்று அறிவித்தது. அதற்கு முன்பே, பழையதைக் கொடுத்துத் தள்ளுபடி பெற விரும்பியவர்களின் கருவி, ‘ரீசைக்கிள் மோடு’ போட்ட 21 நாளில் நிரந்தரமாகச் செயலிழக்கும்படி ஓர் ஏற்பாடும் வைத்திருந்தது. கோன் நன்றாக, காந்தம் நன்றாக, பெட்டி பளபளவென்று இருக்க, உள்ளிருக்கும் சிப் மட்டும் சாகும். வாடிக்கையாளர்கள் கொதித்த பிறகு தலைமை அதிகாரி மன்னிப்புக் கேட்டார். அந்த மோடும் கைவிடப்பட்டது. பேட்டரியை உள்ளே ஒட்டி மூடிவிடும் சின்ன புளூடூத் ஸ்பீக்கர்களுக்கு அப்படிக் கேட்க நாதியில்லை. சார்ஜ் நிற்காத அன்று அவை நேராகக் குப்பைக்குப் போகின்றன.

இந்தப் பிரச்சினை அரசின் காதிலும் விழாமல் இல்லை. மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் ‘பழுதுபார்க்கும் உரிமை’க்கென இணையதளம் திறந்தது. கைபேசி, வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனம், விவசாயக் கருவிகள் அதன் வட்டத்தில் வருகின்றன. நல்ல தொடக்கம்தான். ஆனால் தளத்தில் தகவல் போடுவதோடு நின்றால் பயன் குறைவு. கைபேசி, லேப்டாப், டிவி போன்றவற்றை விற்கும்போது, பழுதுபார்க்க எவ்வளவு எளிது என்பதற்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் காட்டியாக வேண்டும் என்று பிரான்ஸில் 2021-இல் விதி வந்தது. இங்கும் அப்படி ஒரு விதி வர வேண்டும். ஒலிக் கருவிகளையும் அதில் சேர்க்க வேண்டும். இத்தனை வருடத்துக்கு உதிரிபாகம் தருவேன் என்று உற்பத்தியாளர் எழுதிக் கொடுக்கட்டும்.

அதுவரை, பரணில் தாத்தாவோ பெரியப்பாவோ விட்டுப்போன ஸ்பீக்கர் ஜோடி இருந்தால் பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போட்டுவிட வேண்டாம். முன்மூடியைக் கழற்றி கோனை மெதுவாக அழுத்திப் பாருங்கள். ஒன்றரை வோல்ட் பேட்டரியின் இரு முனைகளையும் ஒயர் வழியே பின்பக்க முனைகளில் ஒரு நொடி தொட்டு எடுங்கள். ‘டக்’கென்று அசைந்தால் வாய்ஸ் காயிலுக்கு உயிர் இருக்கிறது. பெரும்பாலும் ஃபோம் வளையமும் உள்ளே உலர்ந்துபோன ஒன்றிரண்டு கண்டன்சர்களும் மாற்றினால் போதும். பழைய யூனிட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுசு போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு கடைக்குப் போய்விடுங்கள்.