"எத்தனை நாளைக்குத்தான் இந்த மாத்திரை?" என்று கேட்கும் நல்லவர்களுக்கு

பதிவு நீளம்தான். பாதி படித்துவிட்டு "அருமை டீச்சர்" என்று போடுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். இன்றைக்கு அவர்களும் கடைசி வரி வரை வர வேண்டும்.

போன வாரம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. குடல் புண்ணுக்கு ஆயுசு முழுக்க மாத்திரை கொடுப்பது மருந்துக் கம்பெனிகளின் சதியாம். மாதுளம்பழத் தோலை மோரில் அரைத்து 40 நாள் குடித்தால் போதுமாம். கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். அந்தக் குழுவில் பெருங்குடல் அழற்சியோடு ஆறு வருடமாக வாழும் ஒரு பிள்ளை இருக்கிறது என்பது கைகூப்பியவர்களில் பாதிப் பேருக்குத் தெரியும். அது அன்று இரவு எனக்குத் தனியாக அனுப்பியது ஒரே வரி: "எல்லாரும் சொல்றாங்களே, நிறுத்திப் பார்க்கட்டுமா?" அதனால்தான் இவ்வளவு கோபமாக எழுதுகிறேன்.

நோய் என்னவென்று சுருக்கமாகச் சொல்கிறேன். உடம்பின் பாதுகாப்புப் படையே குடலின் உட்சுவரைத் தாக்கிப் புண்ணாக்குகிறது. பெருங்குடலோடு நின்றால் அல்சரேடிவ் கொலைடிஸ். அதன் பங்காளி குரோன்ஸ், வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கேயும் வரும். ரத்தமும் சளியுமாகப் போகும், ஒரு நாளைக்குப் பத்து தடவைகூட ஓட வேண்டியிருக்கும். நம் ஊரில் இதற்கு முதலில் கிடைக்கும் பெயர் "சூடு". தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு நாளெல்லாம் உட்கார்ந்தால் சூடு பிடிக்காதா என்பார்கள். அடுத்த பெயர் மூலம். காஞ்சிபுரத்திலிருந்து எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் சுவரெல்லாம் "மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல்" என்று எழுதியிருக்கிறதே, ரத்தத்தைக் கண்டவர் நேராக அங்கே போகிறார். கொலோனோஸ்கோபி செய்யச் சொல்லும் டாக்டரிடம் வந்து சேருவதற்குள் வருடம் ஓடிவிடுகிறது.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் நோய்" என்று ஒரு மாமா சொன்னார். பஞ்சாபில் லூதியானா டாக்டர்கள் வீடு வீடாகப் போய் 51,910 பேரைப் பார்த்தார்கள், 23 பேருக்கு இருந்தது. லட்சத்துக்கு 44 பேர். 2003-லேயே வெளிவந்த கணக்கு இது, மாமா.

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். சர்க்கரைக்காரரை யாராவது "எத்தனை நாளைக்கு?" என்று கேட்கிறோமா? 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வீட்டு வாசலுக்கே வருகின்றன, வாங்கி வைத்துக்கொள்கிறோம். குடல் நோய்க்காரர் மாத்திரையைக் கையில் எடுத்தால் மட்டும் ஊரே கணக்குக் கேட்கிறது. காரணம் வேறொன்றுமில்லை. மாத்திரை வேலை செய்யும்போது அவர் நம்மைப் போலவே இருக்கிறார். நன்றாக இருக்கிறவனுக்கு மருந்து எதற்கு என்று தோன்றிவிடுகிறது. அந்த "நன்றாக" என்பதே அந்த மாத்திரை போட்ட பிச்சை ஐயா!

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். சிகாகோவில், நோய் அடங்கி மெசாலமைன் சாப்பிட்டு வந்த 99 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். மருந்துக் கடையில் ஒழுங்காக வாங்கினவர்கள் யார், விட்டுவிட்டவர்கள் யார் என்று பிரித்தார்கள். ஒழுங்காகச் சாப்பிட்டவர்கள் நோய் திரும்பாமல் இருக்கும் வாய்ப்பு 89 சதவீதம். விட்டவர்களுக்கு 39. எட்டாம் வகுப்புக் கணக்கு இது, விளக்க வேண்டாம்.

மஞ்சள் நல்லது, மஞ்சளை விட உசத்தியா என்று ஒரு கூட்டம் வரும். மஞ்சளையும் சோதித்தார்கள். ஜப்பானில், 2006-ல் வெளிவந்தது. மஞ்சளின் சாரமான குர்குமின் சாப்பிட்ட 43 பேரில் 2 பேருக்கு ஆறு மாதத்தில் நோய் திரும்பியது. போலி மாத்திரை சாப்பிட்ட 39 பேரில் 8 பேருக்குத் திரும்பியது. மஞ்சள் ஜெயித்துவிட்டதே என்கிறீர்களா? இரண்டு பக்கத்தாரும் வழக்கமான மாத்திரையைத் தினமும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். ஒருவரைக்கூட நிறுத்தச் சொல்லவில்லை. ஃபார்வர்டு அனுப்புகிறவர்களுக்கு இந்தப் பாதி மட்டும் எப்படியோ காணாமல் போய்விடுகிறது.

மருந்தில் தொல்லையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. சாப்பிடுகிறவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறேன். சல்ஃபாசலசினில் தலைவலி, குமட்டல், சிறுநீர் ஆரஞ்சு நிறம். ஆண்களுக்கு விந்தணு குறையும், மருந்தை மாற்றினால் சரியாகிவிடும். (குழந்தையில்லை என்று கோயில் கோயிலாகச் சுற்றுவதற்கு முன்னால் டாக்டரிடம் இதைக் கேளுங்கள்.) மெசாலமைனில் சில சமயம் மேலோடு அப்படியே மலத்தில் வந்து விழும், மருந்தே கரையவில்லை என்று பயந்து நிறுத்துகிறார்கள். வெறும் ஓடுதான் அது. அசதையோப்ரினில் வெள்ளணுக்கள் சடாரென்று இறங்கலாம், அதனால் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. எனிமா மருந்தைப் பற்றிப் பேசவே கூச்சம். ஒரு பையன், நாற்பது வயதாகிறது, எனக்குப் பையன்தான், டாக்டர் எழுதிக் கொடுத்த எனிமாவை மூன்று மாதம் பீரோவில் பூட்டி வைத்திருந்தானாம்.

இந்தத் தொல்லைகளைச் சொல்ல வேண்டிய இடம் டாக்டர். சொன்னால் மாற்றம் வரும் என்பதற்கு மெசாலமைனே சாட்சி. சல்ஃபாசலசினை மூட்டு வாதத்துக்கென்று ஸ்வீடனில் உருவாக்கியவர் நன்னா ஸ்வார்ட்ஸ் என்ற பெண் மருத்துவர். அது குடலுக்கும் கேட்டது, ஆனால் பலருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் ஆசாத் கான் என்ற வங்காளதேசத்து மருத்துவர், ட்ரூலவ் என்பவரோடு சேர்ந்து, அந்த மருந்தின் இரண்டு துண்டுகளையும் தனித்தனியாக நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். குடலைக் குணமாக்குவது ஒரு துண்டு, பெரும்பாலான தொல்லையைக் கொடுப்பது மற்றது என்று 1977-ல் தெரிந்தது. குணமாக்கும் துண்டுதான் இன்று நம் பிள்ளைகள் விழுங்கும் மெசாலமைன்.

ஜப்பான் பிரதமர் ஷின்சோ அபே நினைவிருக்கிறதா? இதே நோய். 2007-ல் பதவியை விட்டார். பிறகு புது மருந்து வந்து உடம்பு தேறியதென்று அவரே சொன்னார். 2012-ல் திரும்பி வந்து, அந்த நாட்டிலேயே அதிக காலம் பிரதமராக இருந்தவர் என்று பெயர் எடுத்தார். 2020-ல் நோய் மறுபடி தலைதூக்க, மறுபடி விலகினார். மருந்து மந்திரம் இல்லை. ஆனால் நடுவில் கிடைத்த அந்த எட்டு வருடம்?

பிரதமரே ஊரறியச் சொன்ன நோயை நம் வீட்டில் சம்பந்திக்குத் தெரியாமல் மறைக்கிறோம். என்னிடம் படித்த ஒரு பெண், அவள் சம்மதித்ததால் எழுதுகிறேன். வரன் பார்க்கும்போது "இதை மட்டும் சொல்லிடாதீங்க" என்றார் தரகர், அப்பா அம்மாவும் தலையாட்டினார்கள். கல்யாணமாகி மாமியார் வீட்டில் மெசாலமைனைச் சத்து மாத்திரை டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டு, ஆளில்லாத நேரம் பார்த்து விழுங்கினாள். ஆளில்லாத நேரம் எந்தக் கூட்டுக் குடும்பத்தில் இருக்கிறது? ஒரு வேளை தப்பும், இரண்டு நாள் தப்பும். பிள்ளை உண்டானதும் தாய் வீட்டிலேயே "வயித்துல குழந்தையை வச்சுக்கிட்டு மாத்திரையா" என்றார்கள், மொத்தமாக நிறுத்தினாள். ஐந்தாம் மாதம் ரத்தமாகப் போக ஆரம்பித்தது. குறைமாதக் குழந்தை, மூன்று வாரம் கண்ணாடிப் பெட்டியில். கர்ப்பத்திலும் தொடரக்கூடிய மருந்து அது, நோய் கிளம்புவதுதான் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து என்று பிரசவ டாக்டரும் குடல் டாக்டரும் சேர்ந்து சொன்ன பிறகுதான் வீட்டாருக்கு உறைத்தது. மாமியார் அழுதுகொண்டே கேட்டாராம்: "முதல்லயே சொல்லியிருந்தா நானே வேளாவேளைக்கு எடுத்துக் கொடுத்திருப்பேனே?" அந்த அம்மாளைப் பற்றித்தான் நாம் அத்தனை பயந்தோம்.

பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் ஒருவரின் கதை வேறு. கோர்வைப் புடவைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். இவர் எழுந்து ஓடும் ஒவ்வொரு தடவையும் கோர்வை போடும் பையனும் சும்மா உட்கார வேண்டும். கூலி புடவைக்கு, மணிக்கு இல்லை. மாதாமாதம் மெசாலமைன் வாங்கப் பணம் போதாமல் விட்டார். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் உதவும், தினம் விழுங்கும் மாத்திரைக்கு உதவாது. படுக்க விடாமல் காப்பாற்றும் மாத்திரைக்குப் பணம் தராமல் படுத்த பிறகு தருவது என்ன கணக்கு? பிரஷர் மாத்திரையோடு இதையும் வாசலுக்குக் கொண்டுவரக் கேட்கத்தான் வேண்டும்.

மெசாலமைனை விட்டவர் வைசோலோனைப் பிடித்தார். விலை சல்லிசு, மூன்று நாளில் ரத்தம் நின்றது. ஸ்டீராய்டு கெட்ட மருந்து இல்லை. இங்கிலாந்தில் 210 நோயாளிகளிடம் கார்ட்டிசோனைச் சோதித்து 1955-ல் முடிவு வெளியிட்டார்கள், எத்தனையோ உயிரை அந்த வகை மருந்து காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அது தீயணைப்பு வண்டி, வீட்டில் நிறுத்தி வைத்துக்கொள்வதற்கில்லை. நோய் திரும்பாமல் தடுக்க அது உதவாது. மாதக்கணக்கில் சாப்பிட்டால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு உளுக்கும். திடீரென்று விட்டால் உடம்பு சுருண்டு விழும். இவர் ஒன்றரை வருடம் சாப்பிட்டார், டாக்டரைப் பார்க்காமலே. கடையில் பழைய காலி அட்டையைக் காட்டினால் புது அட்டை கிடைத்தது.

என்னிடம் படித்தவர்களில் மருந்துக் கடை வைத்திருப்பவர்கள் நான்கைந்து பேராவது இதைப் படிப்பீர்கள். உங்களைத்தான் கேட்கிறேன். சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத மருந்து அது என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். காலி அட்டையோடு வருகிறவரிடம் "டாக்டரை எப்போ பார்த்தீங்க?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். மாதாமாதம் மெசாலமைன் வாங்குகிறவர் இந்த மாதம் வரவில்லையென்றால் ஒரு போன் போடுங்கள், நம்பர்தான் உங்கள் பில்லிலேயே இருக்கிறதே.