பெங்குவின் வீட்டுக்கு எத்தனை விருந்தாளிகள்?



அண்மையில் ஒரு பள்ளியின் அறிவியல் மன்றக் கூட்டத்தில் அண்டார்க்டிகாவைப் பற்றிப் பேசப் போயிருந்தேன். பேச்சு முடிந்ததும் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்தாள். "ஐயா, அங்கே சுற்றுலாக் கப்பல்கள் அளவுக்கு மீறிப் போகின்றன என்று கவலைப்பட்டீர்கள். ஆனால் அண்டார்க்டிகா நம் நாட்டைப்போல் நான்கு மடங்கு பெரியது. அவ்வளவு பெரிய இடத்தில் கொஞ்சம் பேர் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் என்ன குறைந்துவிடும்?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. மணி அடித்துவிட்டதால் அரைகுறையாக ஏதோ சொல்லிவிட்டு வந்தேன். அவளுக்குத் தர வேண்டிய முழு விடையை இங்கே எழுதுகிறேன். நீங்களும் படித்துப் பாருங்கள்.

கப்பலில் ஒரு பயணம்

முதலில் கற்பனையாக அந்தக் கப்பலில் ஏறிக்கொள்வோம். தென் அமெரிக்காவின் தென்கோடியில், அர்ஜென்டினா நாட்டில், உஷுவாயா என்னும் துறைமுக நகரம் இருக்கிறது. அண்டார்க்டிகா செல்லும் பயணக் கப்பல்களில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் புறப்படுகின்றன. காலம், நவம்பர் முதல் மார்ச் வரை. தென் அரைக்கோளத்தில் அப்போதுதான் கோடை.

டிரேக் நீரிணை உலகிலேயே கொந்தளிப்பு மிகுந்த கடல்களில் ஒன்று. அதைக் கடக்க ஏறத்தாழ இரண்டு நாள் ஆகும். பிறகு முதல் பனிமலை கண்ணில் படும். நீருக்கு மேலே தெரிவது அதில் பத்தில் ஒரு பங்குதான். அதன் பிளவுகளில் நீல நிறம் ஒளிரும். நெருக்கமாக இறுகிய பனிக்கட்டி சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு நீல ஒளியை வெளிவிடுவதே அதற்குக் காரணம். ஆங்காங்கே திமிங்கிலங்கள் நீரைப் பீய்ச்சும். மிதக்கும் பனிக்கட்டியின்மேல் சீல்கள் சோம்பலாகப் படுத்திருக்கும். கரையோரத்தில் ஆயிரக்கணக்கான பெங்குவின்கள் இரைச்சலிடும். பயணிகள் பத்துப் பன்னிரண்டு பேராக ரப்பர் படகுகளில் இறங்கி, வழிகாட்டிகளின் பின்னால் கரைக்கு நடப்பார்கள்.

இதைக் காண ஆசைப்படுவது தவறா? இல்லவே இல்லை. எனக்கும் அந்த ஆசை உண்டு.

இப்பயணங்கள் தொடங்கியதற்கு ஒரு நல்ல நோக்கமும் இருந்தது. 1966-ஆம் ஆண்டில் லார்ஸ் எரிக் லிண்ட்பிளாட் என்பவர் 57 பயணிகளை ஒரு கப்பலில் அண்டார்க்டிகாவுக்கு அழைத்துச் சென்றார். கண்ணால் கண்டவர்கள் அதைக் காக்கவும் முன்வருவார்கள் என்பது அவருடைய நம்பிக்கை. விரிவுரையாளர்களோடு செல்லும் ஆய்வுப் பாணிச் சுற்றுலா அங்கே வளர்ந்தது அப்படித்தான்.

ஆனால் 57 பேர் என்ற எண் எங்கே போய் நிற்கிறது பாருங்கள். 1992-93 கோடையில் சென்ற பயணிகள் ஏறத்தாழ 6,700 பேர். 2023-24 கோடையில் அந்த எண் 1,20,000-ஐத் தாண்டிவிட்டது. அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் கரையிறங்கினார்கள். எல்லா நாடுகளின் ஆராய்ச்சி நிலையங்களிலும் கோடையில் இருப்பவர்களைச் சேர்த்துக் கூட்டினாலும் ஏறத்தாழ 5,000 பேர்தான் தேறும்.

பெரிய கண்டம், சிறிய முற்றம்

இப்போது அந்த மாணவியின் கேள்விக்கு வருவோம். அண்டார்க்டிகாவின் பரப்பு ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம் சதுர கிலோமீட்டர். உண்மையிலேயே மிகப் பெரியதுதான். ஆனால் அதில் பனி மூடாத தரை எவ்வளவு தெரியுமா? நூற்றில் ஒரு பங்குகூட இல்லை!

அடேலி, ஜென்டூ, சின்ஸ்ட்ராப் ஆகிய பெங்குவின்கள் பனிக்கட்டிமேல் முட்டையிடுவதில்லை. கூழாங்கற்களைப் பொறுக்கி, பனியற்ற தரையில் கூடு அமைக்கின்றன. பாசிகளும், அக்கண்டத்தின் இரண்டே இரண்டு இயல்பான பூக்கும் தாவரங்களும் வளர்வது பனியற்ற தரையில்தான். ஆராய்ச்சி நிலையங்களில் பலவற்றையும் அங்கேதான் கட்டுகிறார்கள். ரப்பர் படகு கரைசேர்வதும் பெரும்பாலும் அங்கேதான். அதிலும் பெரும்பாலான கப்பல்கள் அண்டார்க்டிகத் தீபகற்பத்தின் மேற்குக் கரையிலுள்ள சில இடங்களையே திரும்பத் திரும்ப நாடுகின்றன.

காலமும் அப்படியே. பயணிகளுக்கு வசதியான கோடை மாதங்கள்தான் பெங்குவின்கள் முட்டையிட்டுக் குஞ்சு வளர்க்கும் மாதங்கள். ஆக, கண்டத்தின் முழுப் பரப்பை வைத்துக் கணக்குப் போடுவது சரியாகாது. ஊர் எவ்வளவு பெரிதாக இருந்தால் என்ன? விருந்தாளிகள் எல்லோரும் ஒரே வீட்டின் முற்றத்தில், அதுவும் குழந்தை பிறந்திருக்கும் மாதத்தில், வந்து நிற்கிறார்களே!

விருந்தாளி கொண்டு வருவது என்ன?

வருபவர்கள் கெட்டவர்கள் அல்லர். அவர்களுக்குக் கடுமையான ஒழுங்குமுறைகள் உண்டு. பெங்குவினிடமிருந்து 5 மீட்டராவது விலகி நிற்க வேண்டும். ஒரே நேரத்தில் ஓர் இடத்தில் 100 பேருக்குமேல் இறங்கக் கூடாது. 500 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் யாரையும் இறக்கக் கூடாது. கரைக்குப் போகுமுன் காலணிகளைக் கழுவ வேண்டும். பயண நிறுவனங்கள் 1991-இல் அமைத்த சங்கம் இவற்றைப் பின்பற்றி வருகிறது. இதை நாம் பாராட்டத்தான் வேண்டும்.

இந்த விதிகளால் பயன் இருக்கிறது என்பதற்கும் சான்று உண்டு. போர்ட் லாக்ராய் என்னும் இடத்தில் ஒரு குட்டித் தீவு இருக்கிறது. அதன் ஒரு பாதியில் பயணிகளை அனுமதித்து, மறு பாதியைப் பெங்குவின்களுக்கு மட்டும் விட்டுவைத்தார்கள். நீங்கள் ஆய்வுக்கூடத்தில் இரண்டு தொட்டிச் செடிகளை வைத்து ஒப்பிடுவீர்கள் அல்லவா, அதே முறைதான்! 1996-97 பருவத்தில் நடந்த ஆய்வில் இரண்டு பாதிகளிலும் குஞ்சு பொரிப்பதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. பயணிகள் ஒழுங்காக நடந்துகொண்டால் பெங்குவின் தாங்கிக்கொள்கிறது என்பது இதன் பொருள்.

அப்படியானால் கவலை எதற்கு? கண்ணுக்கு உடனே தெரியாத விஷயங்களும் இருக்கின்றன என்பதால்தான்.

முதலாவது, விதைகள். 2007-08 கோடையில் அண்டார்க்டிகா சென்றவர்களின் உடைகள், பைகள், காலணிகள் ஆகியவற்றைத் தூசி உறிஞ்சும் கருவியால் சுத்தம் செய்து விஞ்ஞானிகள் சோதித்தார்கள். சராசரியாக ஒருவரிடம் 9 விதைகளுக்கு மேல் கிடைத்தன! இதில் வேடிக்கை என்னவென்றால், சுற்றுலாப் பயணிகளைவிட ஆராய்ச்சியாளர்களிடம்தான் தலைக்கு அதிக விதைகள் இருந்தன. குற்றம் ஒரு பக்கம் மட்டும் இல்லை, பார்த்தீர்களா? கிங் ஜார்ஜ் தீவில், போலந்து நாட்டு ஆராய்ச்சி நிலையத்தின் அருகே, 1985-86 கோடையிலேயே வெளியிலிருந்து வந்த ஒரு புல் வேரூன்றியிருப்பதைக் கண்டார்கள்.

இரண்டாவது, கரி. கப்பல்களும் நிலையங்களும் எரிக்கும் எண்ணெயிலிருந்து நுண்ணிய கரித்துகள்கள் பனியின்மேல் படிகின்றன. வெயிலில் கறுப்புச் சட்டை வெள்ளைச் சட்டையைவிட அதிகமாகச் சூடேறுவதை நீங்கள் அறிவீர்கள். கறுத்த பனியும் அப்படியே வெப்பத்தை ஈர்த்து விரைவில் உருகுகிறது. மனித நடமாட்டமுள்ள இடங்களின் பனியில் கரி மிகுந்திருப்பதை 2022-இல் வெளியான ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது.

மூன்றாவது, விபத்து. 1989 ஜனவரியில் பாஹியா பரைசோ என்னும் அர்ஜென்டினக் கப்பல், சுற்றுலாப் பயணிகளும் இருந்த நிலையில், பாமர் ஆராய்ச்சி நிலையத்தின் அருகே பாறையில் மோதியது. மனிதர்கள் அனைவரும் தப்பினர். ஆனால் ஏறத்தாழ 6 லட்சம் லிட்டர் எரிபொருள் கடலில் கொட்டியது. பறவைகளும் கரையோர நத்தைகளும் மடிந்தன. 2007 நவம்பரில், அண்டார்க்டிகச் சுற்றுலாவுக்கென்றே கட்டப்பட்ட எக்ஸ்ப்ளோரர் என்ற கப்பல் பனிக்கட்டியில் மோதி மூழ்கியது. அதிலிருந்த 154 பேரையும் மற்றொரு கப்பல் காப்பாற்றியது. கடல் அமைதியாக இருந்ததும், உதவிக்கு வரக்கூடிய தூரத்தில் கப்பல் இருந்ததும் அவர்கள் செய்த அதிர்ஷ்டம்.

கணக்கில் விட்டுப்போனது

இனி என் கருத்தைச் சொல்கிறேன். மேலே சொன்ன விதிகளை மறுபடியும் படியுங்கள். 5 மீட்டர், 100 பேர், 500 பேர் என்பவையெல்லாம் ஒரு மனிதனையோ ஒரு கப்பலையோ கட்டுப்படுத்துகின்றன. சில இறங்குமிடங்களுக்கு ஒரு நாளைக்கு இத்தனை கப்பல்கள் என்ற வரம்பும் உண்டு. ஆனால் கண்டம் முழுவதற்கும் ஒரு கோடைக்கு இத்தனை பேர்தான் வரலாம் என்ற எல்லை எங்கும் இல்லை. 1 லட்சம் பேர் போனாலும், 5 லட்சம் பேர் போனாலும், ஒவ்வொருவரும் விதிப்படிதான் நடந்தவர் ஆவார்!

ஒவ்வொருவரும் செய்வது சிறிது. எல்லோரும் செய்வது பெரிது. இது அண்டார்க்டிகா ஏற்கெனவே கற்றுக்கொடுத்த பாடம். 1819-இல் வில்லியம் ஸ்மித் என்ற மாலுமி தென் ஷெட்லாந்து தீவுகளைக் கண்டார். செய்தி பரவியதும் சீல் வேட்டைக் கப்பல்கள் விரைந்தன. சில ஆண்டுகளுக்குள் அங்கிருந்த மென்மயிர்ச் சீல்கள் ஏறக்குறைய அழிந்தே போயின. இன்றைய பயணி கையில் தடி இல்லை, காமிராதான் இருக்கிறது. இரண்டையும் ஒன்றென்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்றும் மொத்தக் கணக்கைப் பார்க்க யாரும் இல்லை. இன்றும் அதைப் பார்த்து "போதும்" என்று சொல்ல யாரும் இல்லை.

வடதுருவத்தின் பக்கம் அப்படி இல்லை. அங்கே ஸ்வால்பார்ட் தீவுக் கூட்டம் நார்வே நாட்டின் ஆட்சியில் இருக்கிறது. 2018 ஜூலையில், பனிக்கரடிகளைக் காட்டப் பயணிகளை அழைத்துச் சென்ற ஒரு கப்பலின் காவலர்கள் கரையிறங்கியபோது ஒரு கரடி தாக்கியது. அதைச் சுட்டுக் கொல்ல நேர்ந்தது. பார்க்க வந்ததையே கொன்றுவிட்டுத் திரும்பினார்கள்! 2025 ஜனவரி முதல் நார்வே அரசு அங்கே புதிய விதிகளைக் கொண்டுவந்தது. பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் 200 பயணிகளுக்குமேல் ஏற்றிய கப்பல் செல்லக் கூடாது. குறித்த 43 இடங்களில் மட்டுமே இறங்கலாம். கரடியிடமிருந்து 300 மீட்டரும், மார்ச் முதல் ஜூன் வரை 500 மீட்டரும் விலகியிருக்க வேண்டும்.

அண்டார்க்டிகாவுக்கு இப்படி ஓர் உரிமையாளர் இல்லை. 1959-இல் 12 நாடுகள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி அது நடத்தப்படுகிறது. இன்று 29 நாடுகளுக்கு முடிவெடுக்கும் உரிமை உண்டு. எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் எதுவும் முடிவாகும். எனவேதான் எல்லை விதிப்பது தாமதமாகிறது.

நமக்கு இதில் என்ன வேலை?

"பல லட்சம் ரூபாய் செலவு செய்து நாங்களா போகப்போகிறோம்?" என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் அந்த 29 நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. 1982 ஜனவரியில் டாக்டர் காசிம் தலைமையில் நம் முதல் குழு அண்டார்க்டிகாவில் கால் வைத்தது. 1983-லேயே நமக்கு முடிவெடுக்கும் உரிமை கிடைத்தது. 2024 மே மாதத்தில் ஒப்பந்த நாடுகளின் கூட்டம் நம் கொச்சியில்தான் கூடியது. சுற்றுலாவுக்கு முழுமையான விதிமுறைகளை வகுக்கும் பேச்சு அங்கே தொடங்கியது. ஆகவே பெங்குவின் முற்றத்தைப் பற்றிய வழக்கில் நீங்களும் ஒரு நீதிபதியின் வீட்டுப் பிள்ளைகள்.

பயணங்களைத் தடை செய்ய வேண்டும் என்பது என் கட்சி அல்ல. பார்த்தவர்கள் காவலர்களாகலாம் என்ற லிண்ட்பிளாடின் நம்பிக்கையில் உண்மை இருக்கிறது. ஆனால் ஒரு கோடைக்கு இத்தனை பேர் என்ற எல்லையை ஒப்பந்த நாடுகள் விதிக்க வேண்டும். பயணத்தால் லாபம் பெறும் நிறுவனங்களிடமே அதை விட்டுவிடக் கூடாது. போர்ட் லாக்ராய் தீவின் மறுபாதியைப்போல், யாருமே காலடி வைக்காத இடங்களை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகவே விட்டுவைக்க வேண்டும். ஆய்வுகள் "தாங்கும்" என்று காட்டினால் எல்லையைப் பிறகு உயர்த்திக்கொள்ளலாம். முதலில் அளவுக்கு மீறவிட்டு, பிறகு அழிந்ததைத் திரும்பக் கொண்டுவர எந்த விஞ்ஞானத்தாலும் முடியாது.

இதில் ஒரு சங்கடம் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இடங்கள் குறைந்தால் கட்டணம் ஏறும். பெரும் பணக்காரர் மட்டுமே போக முடியும் என்ற நிலை வரும். அதற்காக, இருக்கும் இடங்களில் ஒரு பங்கை ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒதுக்கலாம். ஆனால் நமக்குள் நியாயமாகப் பங்கிடுவது நம் பிரச்சினை. அதற்கான விலையைப் பெங்குவின் கொடுக்க வேண்டியதில்லை.

அந்த ஒன்பதாம் வகுப்பு மாணவிக்கு இதுதான் என் விடை: "கொஞ்சம் பேர் போனால் ஒன்றும் குறையாது, அம்மா. ஆனால் கொஞ்சம் என்பது எவ்வளவு என்று முதலில் முடிவு செய்ய வேண்டும்."

அது எவ்வளவாக இருக்கலாம்? எதை அளந்து அதை முடிவு செய்வீர்கள்? உங்கள் அறிவியல் மன்றத்தில் இரு அணியாகப் பிரிந்து விவாதித்துப் பாருங்கள். என் கருத்துக்கு எதிராக வலுவான காரணம் கிடைத்தால் தயங்காமல் எழுதுங்கள்.