எழுதிய உறுதியும் எழுதாத வாக்கும்



கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கங்களில் நீங்களும் கேட்டிருப்பீர்கள். குமர் காரியத்துக்கோ வெளிநாட்டுப் பயணத்துக்கோ அவசரமாகக் காசு தேவை. "வட்டி வேணாம் காக்கா, வயலை என்ட பேருக்கு அறுதியா எழுதித் தாங்க. காசு தந்ததும் திருப்பி எழுதித் தாறன்" என்கிறார் கொடுப்பவர். உறுதியில் 'விற்றேன்' என்றிருக்கும். திருப்பித் தரும் வாக்கு அதில் இராது. பிறகு காசோடு போனால், "உறுதியைப் பாருங்க" என்பதே பதில்.

எழுத்தை மட்டும் பார்த்தால் அவர் பக்கம் வலுவுண்டு. காணி விற்பனை எழுத்தில், நொத்தாரிசும் இரு சாட்சிகளும் முன்னிலையாக நடக்கவேண்டும் என்று 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் விதித்தது. ஆனால் நீதி அத்தோடு கண்ணை மூடவில்லை. எழுதிக் கொடுத்தவர் சொத்தின் பயனையும் விட்டுக்கொடுக்க எண்ணினாரா என்று சூழ்நிலையைக் கொண்டு பார்க்க, 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 83ஆம் பிரிவு வழிசெய்தது. அப்படி எண்ணவில்லையாயின், வாங்கியவர் அதை முன்னவருக்காக வைத்திருப்பவரே.

1947இல் எஹியா லெப்பை எதிர் மஜீத் வழக்கில் நீதியரசர் டயஸ் அச்சூழ்நிலைகளைச் சுட்டிக் காட்டினார். எழுதிக் கொடுத்தவரே தொடர்ந்து ஆண்டு வந்தாரா? உறுதிச் செலவு முழுவதையும் அவரே கட்டினாரா? குறித்த விலை நியாய விலைக்கு மிகக் குறைவா?

ஆயினும் இவற்றை நிரூபிக்க வருடங்கள் ஓடும், சாட்சிகள் மவுத்தாகிவிடுவர். எனவே ஆரம்பத்திலேயே உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். கடனைக் கடனென்றே எழுதும்படிதான் ஸூரத்துல் பகராவின் 282ஆம் வசனம் நம்மைப் பணிக்கிறது. காணியைப் பிணை வைப்பதானால் ஈட்டு உறுதியே முடியுங்கள். கையெழுத்துக்கு முன் நம்பிக்கையான சட்டத்தரணியிடம் கேளுங்கள். பற்றுச்சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

காசு கொடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வட்டியிலிருந்து தப்பினோம் என்று எண்ணிக்கொண்டு, ஒரு குடும்பத்தின் வயலையே விழுங்குவது எந்த வகையில் ஹலாலாகும்? சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்ட நபி (ஸல்) அவர்கள், அடியில் ஈரத்தைக் கண்டு, மோசடி செய்பவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என எச்சரித்தார்கள். மேலே உலர்ந்த உறுதியும் அடியில் ஈரமான எண்ணமும் அதே குவியல்தான்.

உறுதி நீதிமன்றில் பேசும். எழுதாத வாக்கு மஹ்ஷரில் பேசும். இரண்டும் ஒன்றையே சொல்லும்படி நடந்துகொள்ள அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக!