மாத்திரையை நிறுத்தலாமா?



மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை பெற்று நலத்துடன் வீடு திரும்பும் பெண்மணிகள் பலருக்கு, நாள்தோறும் ஒரு சிறு மாத்திரையை ஐந்தாண்டுகள் உட்கொள்ளுமாறு மருத்துவர் பணிக்கிறார். கட்டி அகன்றுவிட்டது, வலியும் இல்லை, பின் மாத்திரை எதற்கு என்னும் ஐயம் எழுவது இயல்பே. இவ்வையத்தினால் அதனை இடையில் நிறுத்திவிடுவோரும் உளர். விடை காண, உயிரணுவின் உள்ளே நிகழ்வதைச் சற்று நோக்குவோம்.

மூதறிஞர் இராஜாஜி பிறந்த தொரப்பள்ளியிலும் சுற்றுப்புற ஊர்களிலும் வாழ்வோர்க்கு ஓசூர்த் தொழிற்சாலைகள் பழக்கமானவை. அங்கே மேலிடத்திலிருந்து உத்தரவுச் சீட்டு வருகிறது; மேற்பார்வையாளர் அதனைப் பெற்று இயந்திரத்தை ஓட்டச் செய்கிறார். சீட்டு வராவிடில் இயந்திரம் ஓய்ந்திருக்கும். பெண்ணின் சூலகம் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் அத்தகைய சீட்டே. குருதி வழியே அது மார்பக உயிரணுவை அடைந்து, ஆங்குள்ள 'ஏற்பி' என்னும் புரதத்தோடு இணைகிறது. உடனே அவ்வேற்பி உட்கருவிலுள்ள மரபணுக்கள் சிலவற்றின் மீது அமர்ந்து அவற்றை இயக்குகிறது, அணு பெருகுகிறது. மரபணுக்களை இவ்வாறு இயக்கும் புரதங்களைப் படியெடுத்தல் காரணிகள் என்பர். பருவ வளர்ச்சிக்கும் தாய்மைக்கும் உதவும் இவ்வொழுங்கையே புற்றணு தன் கட்டுக்கடங்காப் பெருக்கத்திற்குப் பயன்படுத்திக்கொள்கிறது.

இதன் முதல் அடையாளத்தைக் கண்டவர் ஸ்காட்லாந்து நாட்டு மருத்துவர் ஜார்ஜ் பீட்சன். நோய் முற்றிய பெண்களின் சூலகங்களை அகற்றியபோது மார்பகக் கட்டி சுருங்கியதை அவர் 1896இல் வெளியிட்டார். காரணம் அன்று விளங்கவில்லை. 1958ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவில் எல்வுட் ஜென்சன், கதிரியக்கக் குறியிட்ட ஹார்மோனைக் கொண்டு ஆராய்ந்து, ஏற்பி இருப்பதைக் காட்டினார்.

டமாக்சிஃபென் என்னும் மாத்திரையின் வேலை இப்போது எளிதில் விளங்கும். அது போலிச் சீட்டுப் போல ஏற்பியைப் பற்றிக்கொள்கிறது. மெய்ச் சீட்டுக்கு இடமில்லாது போகிறது. அறுவைக்குப் பின்னும் கண்ணுக்குப் புலப்படாத அணுக்கள் சில உடலில் பதுங்கியிருக்கக்கூடும். மாத்திரையை நிறுத்தினால் ஏற்பி விடுபடும்; உறங்கிய அணு விழிக்கலாம். ஏற்பியுள்ள நோயினர் ஐந்தாண்டுகள் இதனை உட்கொண்டதனால், முதல் 15 ஆண்டுகளில் இந்நோயால் நேரும் மரணம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்ததென, பல நாட்டு ஆய்வுகளின் தொகுப்பு 2011இல் தெளிவாக்கியது. சிலருக்குப் பத்தாண்டுகள் வரையிலும் தேவைப்படுகிறது. மாதவிலக்கு முற்றிலும் நின்றவர்களுக்கு, ஈஸ்ட்ரோஜன் உண்டாவதையே தடுக்கும் வேறு மருந்துகளும் உண்டு.

எனினும் இம்மாத்திரை எல்லார்க்கும் உரியதன்று. ஏற்பியே இல்லாத கட்டிகளும் உண்டு. அவற்றிற்கு இதனால் பயனில்லை. ஆகவேதான் கட்டியின் சிறு துண்டைச் சோதித்து, ஏற்பி உண்டா இல்லையா என முதலில் அறிகின்றனர். பக்கத்து வீட்டார் உண்ட மாத்திரையை நாமும் உண்ணலாம் என்று எண்ணுவது தவறு. ஆண்களின் புராஸ்டேட் சுரப்பியில் தோன்றும் புற்றுநோயும் ஹார்மோனைச் சார்ந்ததே. அதனைக் கண்டு சிகிச்சை வகுத்த சார்லஸ் ஹக்கின்ஸ் 1966இல் நோபல் பரிசு பெற்றார்.

மாத்திரை உண்போர்க்கு உடல் திடீரெனச் சூடேறி வியர்ப்பது உண்டு. இயல்புக்கு மாறான உதிரப்போக்கோ, காலில் வீக்கமும் வலியுமோ கண்டால் தாமதியாது மருத்துவரிடம் கூறவேண்டும். அந்நாட்களில் கருவுறுதல் ஆகாது. தொல்லை மிகுந்தால் தாமாக நிறுத்தாமல் மருத்துவரைக் கேட்பதே முறை. மாற்று வழி அவர் கூறுவார்.

தம் சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால், 1954இல் அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. 2021இல் மறைந்த டாக்டர் வி. சாந்தா தம் வாழ்நாளை அதற்கே அளித்தார். ஓசூர்ப் பகுதியினர்க்குப் பெங்களூரின் கித்வாய் நிலையமும் எட்டும் தொலைவிலேயே உள்ளது. ஆனால் கட்டி கண்ட பெண் நாணத்தால் மறைப்பாளாயின் எம்மருத்துவமனையாலும் பயனில்லை.

ஆதலின் கணவன்மாரே, பிள்ளைகளே! வீட்டுத் தாய் தன் உடலைப் பற்றிக் கூசாமல் உரைக்கத்தக்க இல்லமாக உங்கள் இல்லம் இருக்கட்டும். சிகிச்சை பெற்றவர் வீட்டிலிருப்பின், 'இன்று மாத்திரை உண்டீர்களா?' என நாள்தோறும் அன்புடன் கேளுங்கள். ஐந்தாண்டுகள் சலியாது கேட்கும் அவ்வொரு கேள்வி ஓர் உயிரைக் காக்கக்கூடும்.