வைத்தியசாலைக்கு வெளியே ஒரு வைத்தியர்

மருத்துவம் கற்ற ஒருவர் அரசியலிற் புகுந்தாரெனின், "நல்லதொரு வைத்தியரை இழந்தோம்" என இரங்குவது நம்மவர் வழக்கம். அவ்விரக்கம் எப்போதும் பொருந்துவதன்று. நோர்வே நாட்டு அம்மையார் குறோ ஹார்லெம் புருண்ட்லண்ட் அவர்களின் வாழ்க்கையே இதற்குத் தக்க சான்று.

1939இல் பிறந்த அம்மையார், 1963இல் ஒஸ்லோப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டமும், 1965இல் ஹாவாட்டிற் பொதுச் சுகாதார முதுமாணிப் பட்டமும் பெற்றார். ஒஸ்லோ நகரிற் சிறுவர் சுகாதாரப் பணி புரிந்தவர், 1974இல் சுற்றாடல் அமைச்சரானார்; 1981இல் அந்நாட்டின் முதற் பெண் பிரதமருமானார். ஐக்கிய நாடுகள் சபை அமைத்த ஆணைக்குழுவுக்கு அவர் தலைமை தாங்கி 1987இல் அளித்த அறிக்கை, வருந்தலைமுறையின் தேவைக்கு ஊறு நேராவண்ணம் இன்றைய தேவையை நிறைவேற்றுவதே நிலைத்த அபிவிருத்தி என வரையறுத்தது. வறுமையை நீக்காது இயற்கையைக் காத்தல் இயலாதென்பதும் அதன் துணிபு.

1998 முதல் 2003 வரை அவர் உலக சுகாதார ஸ்தாபனத்தின் பணிப்பாளர் நாயகமாக விளங்கினார். புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை 2003 மே மாதத்தில் நிறைவேறியது அக்காலத்திலேயே. புகையிலையால் உலகில் ஆண்டுதோறும் 70 இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாள்கின்றனர். மார்புநோய்க்கு மருந்தளிப்பவர் எதிரே இருக்கும் ஒருவரைக் காப்பார். விளம்பரத்தைத் தடுத்து வரியை உயர்த்தச் செய்பவரோ நோய் பிறக்கும் வாயிலையே அடைக்கிறார். நோயின் வேரை ஆராயாது மருந்து கொடுத்தலை வள்ளுவரும் ஒப்பார். ஆதலின் அம்மையார் வைத்தியத்தைக் கைவிட்டவரல்லர், அதனை விரித்தவர்.

இலங்கையும் அவ்வுடன்படிக்கையை 2003 நவம்பரிலேயே உறுதிப்படுத்தியது. இவ்விடத்து ஒன்றை மறையாது கூறல் என் கடன். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் என் தந்தையார் நட்ட புகையிலையே எனக்குப் புத்தகமும் உடையும் வாங்கித் தந்தது. அப்பயிரைப் பழித்தல் எனக்கு எளிதன்று. எனினும் உண்ட சோற்றுக்கு நன்றி வேறு, உண்மை வேறு. அப்பயிர் உயிர் குடிப்பது உண்மையே.

ஆனால் அவ்வுடன்படிக்கையின் 17ஆம் உறுப்புரையை நாம் மறத்தலாகாது. புகையிலையால் வாழ்வோர்க்கு வருவாய் தரும் மாற்றுத் தொழிலுக்குத் துணைபுரிதல் வேண்டுமென அது பணிக்கின்றது. புகைப்பவனைத் தண்டித்து, வரியைக் கூட்டி, கமக்காரனுக்கு மாற்றுப் பயிரும் நியாய விலையும் காட்டாது விடுதல் அரைவைத்தியமேயாம். வறுமையும் ஒரு நோய்முதல் என்றறிந்த வைத்தியர் தந்த மருந்தை முழுதாக உட்கொள்வோமாக.